காரணம் சொல்லாத கடவுளை நம்புவது எப்படி?

வெளிநாட்டு வேலை உறுதியாகி, கடைசி நேரத்தில் கைநழுவிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓசூரில் அதைவிடச் சிறிய வேலை ஒன்று வந்திருக்கிறது, போக மனமில்லை. வீட்டில் எல்லோரும் "கடவுள் வேறு வழி வைத்திருக்கிறார்" என்கிறார்கள். அதை எப்படி நம்புவது, வெறும் மனத்தேற்றல்தானே என்பது உங்கள் கேள்வி.

நான் நம்புகிறவள். ஆனால் "எல்லாம் நன்மைக்கே" என்று அடிபட்டவரிடம் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அடி விழுந்த இடத்தை ஒரு முறை தொட்டுக்கூடப் பார்க்காத ஆறுதல் அது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு எனக்குத் திருமணம் நிச்சயமானது. குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்தாகிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. உறவினர்களுக்குப் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வேண்டாம் என்று தகவல் வந்தது. காரணம் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்படிப்பட்ட கதைகளில் அந்த மாப்பிள்ளை பின்னால் மோசமானவராகத் தெரியவருவார், பெண் தப்பித்தாள் என்று முடியும். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் நல்லவர்தான், குடும்பத்தோடு நன்றாக இருக்கிறார் என்றே கேள்விப்படுகிறேன். எனக்கு அதற்குப் பிறகு திருமணம் ஆகவில்லை.

அந்த நாட்களில் என் ஆயா (தென்னார்க்காட்டில் எங்கள் வீட்டில் பாட்டியை அப்படித்தான் அழைப்போம்) என்னைத் திருவெண்ணெய்நல்லூருக்கு அழைத்துப் போனார். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம், தென்பெண்ணையின் தென்கரை ஊர். சுந்தரரின் திருமணம் நின்ற கதை முடிவடையும் கோயில் அங்கேதான் இருக்கிறது.

கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். திருநாவலூரில் பிறந்து, நரசிங்கமுனையரையர் என்ற சிற்றரசரின் வளர்ப்பு மகனாக வளர்ந்தவர் நம்பியாரூரர் (சுந்தரரின் இயற்பெயர் அதுதான்). புத்தூரில் சடங்கவி சிவாசாரியாரின் மகளோடு அவருக்கு மணம். மணப்பந்தலுக்குள் ஒரு கிழவர் வருகிறார். நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். அடுத்து நடப்பதை நாம் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். நம்பியாரூரர் உடனே கும்பிட்டு விழுந்துவிடவில்லை. கிழவரைப் பித்தன் என்கிறார். துரத்திப் பிடித்து, ஓலையைப் பறித்துக் கிழித்தே போடுகிறார். அது படிதான், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். சரி, அங்கேயே வழக்கைப் பார்த்துக்கொள்வோம் என்று நம்பியும் கூடவே போகிறார். அந்த ஊர்ச் சபை மூல ஓலையை வாங்கி, பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையை வரவழைத்துக் கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறது. நம்பி தோற்கிறார். உமது வீடு எங்கே என்று சபையினர் கேட்க, கிழவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார். அந்த இடத்தில்தான் அவர் யார் என்று தெரிகிறது. என்ன பாடுவது என்று திகைத்தவரிடம், என்னைப் பித்தன் என்றாயே, அப்படியே தொடங்கு என்கிறார் இறைவன். சுந்தரரின் பாடல்கள் அடங்கிய ஏழாம் திருமுறையின் முதல் பாட்டு, 'பித்தா' என்ற அந்த வசவிலிருந்தே தொடங்குகிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது இதுதான். வழக்கு நடக்கும்போது நம்பிக்கு எதிரில் நிற்பவர் யார் என்று தெரியாது. தன் வாழ்க்கையைக் கெடுக்க வந்த ஒரு கிழவர், அவ்வளவுதான். கோபத்தோடும் மறுப்போடும்தான் அவர் அந்த ஊருக்கு நடந்தார். அந்தக் கோபத்துக்காக இறைவன் அவரைத் தள்ளிவிடவில்லை. அதையே பாட்டாக வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஆயா இதைச் சொல்லி முடித்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. "அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்று கேட்டேன். மணமகனைக் கடவுளே வந்து அழைத்துப்போனார், சரி. பந்தலில் விடப்பட்ட பெண்ணிடம் யார் ஓலை காட்டினார்கள்? பெரிய புராணத்தில் சேக்கிழார் அவளுக்குப் பெயர்கூடச் சொல்வதில்லை. நாவலூரரையே நாளும் நினைந்திருந்து சிவலோகத்தை எளிதாக அடைந்தாள் என்று சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார். பக்தி நூலின் கணக்கில் அதைவிடப் பெரிய பேறு கிடையாது என்பது தெரியும். ஆனாலும் கல்யாணம் நின்ற பெண்ணாக அதை ஏற்க என்னால் முடியவில்லை, இன்றும் முழுதாக முடியவில்லை. பண்ருட்டிப் பக்கம் அந்த ஊருக்கு இப்போதும் மணம் தவிர்ந்த புத்தூர் என்றுதான் பெயர். ஆயா எனக்கு விளக்கம் சொல்ல முயலவில்லை. "இதை அவரிடமே கேள். கேட்காமல் வீட்டுக்கு வராதே" என்று சொல்லிவிட்டுப் பிரகாரத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் சன்னதியில் நின்று கேட்டேன், சத்தமாகவே கேட்டேன். பதில் வரவில்லை.

பதில் வராமலும் நம்பலாம் என்பதை வேறொரு ஊரின் கதைதான் எனக்குக் காட்டியது. அது சுந்தரரின் வாழ்க்கையில் பின்னால் வருவது. திருவொற்றியூரில் தாம் மணந்த சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து, அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருக்கு இரண்டு கண்களும் தெரியாமல் போகின்றன. இருட்டிலேயே வழி விசாரித்துக்கொண்டு நடந்து திருவெண்பாக்கம் வருகிறார். கோயிலுக்குள் இருக்கிறீரா என்று இறைவனைக் கேட்கிறார். 'உளோம் போகீர்' என்று குரல் வருகிறது. இருக்கிறோம், நீர் போம். அவ்வளவுதான் பதில். கண் கிடைக்கவில்லை, ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. (அந்தப் பழைய ஊர் இன்று இல்லை. 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலைப் பூண்டியில் மீண்டும் கட்டியிருக்கிறார்கள். சென்னையில் இருப்பவர்கள் அவசியம் போய்ப் பார்க்க வேண்டும்.)

கோலை ஊன்றிக்கொண்டு அவர் காஞ்சிபுரம் போகிறார். அங்கே இடக்கண் கிடைக்கிறது. ஒரு கண் கிடைத்ததே என்று அடங்கிப் போகவில்லை அவர். திருவாரூர் போய், இன்னொரு கண்ணைத் தராவிட்டால் நீரே நன்றாக வாழ்ந்து போம் என்று இறைவனை ஏசிப் பாடுகிறார். அதன் பிறகே வலக்கண். மறக்கக் கூடாத ஒன்று, ஒற்றியூரிலிருந்து ஆரூர் வரைக்கும் அவர் நடப்பதையும் நிறுத்தவில்லை, முறையிடுவதையும் நிறுத்தவில்லை.

எனக்குக் கிடைத்த ஊன்றுகோல் ஒரு தற்காலிக ஆசிரியர் வேலை. எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டிய ஒரு கிராமப் பள்ளி, சொற்பச் சம்பளம். "கல்யாணம் நின்ற பெண்" என்ற பார்வையிலிருந்து பகல் முழுவதும் விலகியிருக்கலாம் என்பதற்காகவே ஒப்புக்கொண்டேன். இதுதான் கடவுள் காட்டும் வழி என்று அன்று எந்த அறிகுறியும் இல்லை. ஏழாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். மதிய உணவு முடிந்ததும் அவர்களை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து எழுத்திலிருந்து தொடங்கினேன். அவர்களில் ஒரு பெண் முதன்முதலாகத் தானாகவே ஒரு பக்கத்தைப் படித்து முடித்த நாளில், மறுநாள் பாடத்தைத் திட்டமிட்டபடி வீடு திரும்பினேன். திருமணம் நின்றதற்குப் பிறகு மறுநாளைப் பற்றி நான் நினைத்தது அன்றுதான். பிறகு பி.எட். முடித்து, தேர்வு எழுதி, அரசுப் பள்ளியில் தமிழாசிரியை ஆனேன்.

அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் என் திருமணம் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். திருமணம் நடந்திருந்தாலும் ஆசிரியை ஆகியிருக்கலாம், யாருக்குத் தெரியும்? சில மாலைகளில், அக்கா வீட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டுப் போன பிறகு, பழைய வருத்தம் வரத்தான் செய்கிறது. அப்போதும் சாமி படத்துக்கு முன்னால் நின்று அதே கேள்வியைக் கேட்கிறேன். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. வழிகாட்டுதல் என்று நான் சொல்வது இதைத்தான்: முழுப் பாதையும் தெரிவதில்லை, காரணமும் தெரிவதில்லை, அடுத்த அடியை வைக்க ஏதோ ஒன்று கையில் கிடைக்கிறது.

மனத்தேற்றல்தானே என்று கேட்டீர்கள். கடவுள் இல்லை என்பவர் என் வாழ்க்கையைப் பார்த்து அப்படித்தான் சொல்வார், மறுத்து நிரூபிக்க என்னிடம் ஓலை எதுவும் இல்லை. ஆனால் நம்புகிற ஒருவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்று உண்டு. உங்கள் கோபத்தைப் பக்திக் குறைவு என்று நினைத்து மறைக்காதீர்கள். நழுவிய வேலைக்குக் காரணம் தெரிந்த பிறகுதான் அடுத்ததைச் செய்வேன் என்றும் காத்திருக்காதீர்கள். காரணம் தெரியாமலே போகலாம்.

ஓசூர் வேலையில் சேருங்கள். வெளிநாட்டுக்கு மீண்டும் விண்ணப்பிப்பதையும் விட வேண்டாம். "ஏன் அங்கே போகவில்லை?" என்று கேட்கும் உறவினர்களுக்கு நீங்கள் விளக்கம் தர வேண்டியதில்லை, விளக்கம் கேட்க வேண்டிய இடத்தில் நீங்களே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.