பி.ஏ. தமிழ் சேரலாமா?

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் முடித்திருக்கிறேன். 600க்கு 402, தமிழில் மட்டும் 96. பி.ஏ. தமிழ் படிக்க ஆசை. என் பிரிவுக்கு இடம் தருவார்களா? விசைத்தறி ஓட்டும் அப்பா, “தமிழ் படித்தால் வாத்தியார் வேலைதான், அதுவும் கிடைத்தால்” என்கிறார்.

ஒரு வாசகி, சங்கரன்கோவில்

அன்புள்ள மகளுக்கு,

தருவார்கள். தமிழை மொழிப்பாடமாகப் படித்திருந்தால் போதும், எந்தப் பிரிவானாலும் தடையில்லை. அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ் இலக்கியத்துக்கான தரவரிசையைத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணை வைத்துத்தான் போடுகிறார்கள். உனக்காக அந்த 96 பேசும். விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதே.

அப்பா சொல்வதில் பாதி உண்மை. பள்ளி ஆசிரியராக பி.ஏ.வுக்குப் பின் இரண்டு ஆண்டு பி.எட்., தகுதித் தேர்வு, அரசுப் பள்ளி என்றால் போட்டித் தேர்வும் உண்டு. மேல்நிலை வகுப்புக்கு எம்.ஏ. வேண்டும். கல்லூரியில் கற்பிக்க நெட், செட் என்னும் தகுதித் தேர்வுகளில் ஒன்று அல்லது முனைவர் பட்டம். நீண்ட பாதை. வீட்டில் இதை மறைக்காமல் சொல்லிவிடு.

மறுபாதியையும் சொல். தமிழ்நாடு அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்துவதே இல்லை. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தமிழ் இலக்கியத்தை விருப்பப்பாடமாக எடுக்கலாம், 500 மதிப்பெண். கல்வெட்டில் மனம் போனால், எம்.ஏ. முடித்தபின் மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது.

நான் மெய்ப்புப் பார்த்துப் பிழைத்தவன். ஒருமுறை சமையல் நூல் ஒன்றில் ‘வெந்ததும் கீரைக் கடையவும்’ என்று வந்திருந்தது. அந்த ‘க்’ அங்கே நிற்கக் கூடாது. ‘கீரைக் கடை’ என்றால் கீரை விற்கும் இடம். ‘கீரை கடை’ என்றால் மத்தை எடு என்று பொருள். அந்த இடத்தில் தானாக நிற்கும் கண்ணைத்தான் பதிப்பகமும் நாளிதழும் மொழிபெயர்ப்பு நிறுவனமும் தேடுகின்றன. கிடைக்காமல் தவிக்கின்றன.

வேறு துறையில் இடம் கிடைக்காமல் தமிழுக்கு வந்து, நன்னூலை நோட்ஸிலேயே முடித்துக்கொண்டு போகிற பிள்ளைகளைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். நீ நூலையே படி. உரையோடு படி. கூடவே ஆங்கிலத்தையும் பிடித்துக்கொள். அது இல்லாமல் மொழிபெயர்ப்பு வேலை கைக்கு வராது. தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய இந்த விடுமுறையிலேயே பழகிவிடு.

சேர்ந்ததும் எழுது. என்னிடம் நன்னூல் உரைப் பதிப்பு இரண்டு இருக்கிறது, ஒன்றை அனுப்புகிறேன்.