உள்காதில் வீக்கம்: சிடி எடுப்பதா, எம்ஆர்ஐயா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் கணவருக்கு 52 வயது. செம்பனை ஆலையில் ஃபிட்டர். பத்து நாளுக்கு முன் சளிக்காய்ச்சல் வந்தது. அது விட்ட கையோடு தலைச்சுற்றலும் வாந்தியும். மூன்று நாள் பாயை விட்டு எழவில்லை. இப்போது சுற்றல் குறைந்துவிட்டது, ஆனால் வலது காது மந்தமாக இருக்கிறது, ஒரே இரைச்சல். கிளினிக்கில் சுற்றலுக்கு மாத்திரை கொடுத்தார்கள். சிடி ஸ்கேன் எடுத்தால் உள்காது வீக்கம் தெரிந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். ஈப்போவில் தனியாரிடம் எடுத்துவிடலாமா?"

அந்தப் பணத்தை இப்போதைக்குக் கையில் வைத்திருங்கள் அம்மா. ஸ்கேனைவிட அவசரமானது கேட்கும் திறன் சோதனை.

இன்று வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவரை வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகச் சொல்லுங்கள். சத்தம் எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது? மந்தமான வலது காதில் என்றால் பெரும்பாலும் அழுக்கோ சளியோ அடைத்திருக்கிறது. நல்ல காதுப் பக்கம் போனால் உள்காதோ நரம்போ அடிபட்டிருக்கலாம். மருத்துவர் தட்டினால் ஒலிக்கும் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே கணக்குதான். ஆனால் முனகலை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பதில் எதுவானாலும் சோதனைக்குப் போக வேண்டும்.

ஏன் அவசரம் என்றால், உள்காதுப் பாதிப்பால் கேட்கும் திறன் திடீரென்று குறைந்தால் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பதுண்டு. அது முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். உங்களுக்குப் பத்து நாள் போய்விட்டது. நாளைக்கே கிளினிக்கில் கடிதம் வாங்கி, காது மூக்கு தொண்டை நிபுணரைப் பாருங்கள். ஸ்கேன் வரிசைக்காக இது காத்திருக்கக் கூடாது. அவருக்கு இனிப்புநீர் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். சுற்றல் மாத்திரையையும் நாள் கணக்கில் இழுக்க வேண்டாம், மூளை தானாகச் சமாளிக்கப் பழகுவதை அது தாமதப்படுத்தும். எப்போது நிறுத்துவது என்று நிபுணரிடமே கேளுங்கள். அதுவரை ஆலையில் ஏணி ஏறுவதும் மோட்டார் ஓட்டுவதும் வேண்டாம்.

பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, முகமோ கையோ மரத்துப்போனாலோ, பிடிக்காமல் நிற்கவே முடியாவிட்டாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். கிளினிக் வேண்டாம், உடனே 999.

சரி, ஸ்கேனுக்கு வருவோம். உள்காதில் ஒலியைக் கேட்கும் பகுதி பட்டாணி அளவுதான் இருக்கும். நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்று சுற்றி, உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே முழுக்க நீர். தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். சிடி காட்டுவது மேலே இருக்கும் ஓடு. உள்ளிருக்கும் தண்ணீரைப் பார்க்க எம்ஆர்ஐ வேண்டும். வீக்கம் வந்த இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியும். கையில் ஊசி வழியாகச் செலுத்தும் கடோலினியம் என்ற ஸ்கேன் மருந்து அங்கே தங்கி, படத்தில் வெள்ளையாகத் தெரியும். அண்ணன் சொன்ன சிடி, நாள்பட்டுச் சீழ் வடியும் காதில் எலும்பு அரித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் உதவும்.

ஆனால் வைரஸால் வந்த அழற்சியில் எம்ஆர்ஐகூடப் பல நேரம் சுத்தமாகவே வரும். அதைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படியிருந்தும் நிபுணர் எம்ஆர்ஐ எழுதித் தருவார், ஏனென்றால் கேட்கும் நரம்பில் கட்டி இருந்தால் அதில்தான் தெரியும்.

எழுதித் தந்தால் இரண்டு விஷயம். கடோலினியம் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, அதனால் சிறுநீரக ரத்தப் பரிசோதனை முடிவைக் கையோடு கொண்டு போங்கள். அடுத்தது, உங்கள் கணவர் ஃபிட்டர் என்பதால் நான் தனியாகக் கேட்கும் கேள்வி: கிரைண்டர் பிடிக்கும்போது எப்போதாவது கண்ணில் இரும்புத்தூள் தெறித்ததா? பழைய துணுக்கு ஒன்று கண்ணுக்குள் இருந்தால், எம்ஆர்ஐ எந்திரத்தின் பலமான காந்தம் அதை நகர்த்திப் பார்வையையே கெடுத்துவிடலாம். அங்கே கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள், கண்ணை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்புவார்கள். அரைஞாண் கொடித் தாயத்தையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அப்புறம், எந்திரம் போடும் சத்தம் பெரிது. காது இரைச்சல்காரர் என்று சொல்லி, அடைப்பான் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.