கடல் நுண்பாசிகளில் யார் ஜெயிக்கிறார்கள்? கேள்வி பதில்

நெய்தல்: சூடான நீரில் பாசி வேகமாக வளருமாமே. அப்போ கடல் சூடானால் எல்லாமே பெருகத்தானே வேண்டும்?

பதில்: சத்து இருக்கும்வரை சரி. 1972இல் எப்லி என்ற கடல் ஆய்வாளர் ஆய்வகத் தரவுகளைத் தொகுத்துக் காட்டியது இதுதான்: 10 டிகிரி கூடினால் வளர்ச்சி வேகத்தின் உச்சவரம்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆனால் அது உச்சவரம்பு மட்டுமே. மேல்நீர் சூடாகி லேசானால், அடியிலிருக்கும் குளிர்நீரோடு கலக்காது. பாசிக்குச் சத்தான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருப்பதோ அடியில். வெப்பமானியை மட்டும் வைத்துக்கொண்டு யார் ஜெயிப்பார் என்று ஜோசியம் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கரைவலை: சத்து குறைந்தால் யாருக்கு லாபம்?

பதில்: பொடியன்களுக்கு. புரோகுளோரோகாக்கஸ் என்ற மிகச்சிறு பாசி சுமார் 0.6 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உடல் அளவுக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால், இருக்கும் கொஞ்ச நஞ்சத்தையும் உறிஞ்சிவிடும். டையட்டம் என்ற, கண்ணாடி போன்ற ஓடுள்ள பாசி நேரெதிர். சத்து வந்து கொட்டும்போது அள்ளிச் சேமித்து வேகமாகப் பெருகும். ஓடு கட்ட சிலிகேட்டும் வேண்டும்.

மாணவி: இரண்டும் இடம் மாறுவதை எங்கே பார்க்கலாம்?

பதில்: பெரு கரையோரத்தில். காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் சத்தோடு மேலே வரும். டையட்டம் செழிக்கும், நெத்திலியும் பெருகும். எல் நினோ (பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் காலம்) வந்தால் காற்று நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கரையோரக் காற்று பெரும்பாலும் வீசிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் மேலிருக்கும் வெப்பநீர் அடுக்கு தடித்துவிடுவதால், அடியிலிருந்து ஏறி வருவதே சத்தில்லாத வெதுவெதுப்பான நீர். டையட்டம் பின்வாங்கும், பொடியன்கள் மேலோங்குவார்கள். 1972-73 எல் நினோவின்போது அங்கே நெத்திலி மீன்பிடியே சரிந்தது. அளவுமீறிப் பிடித்ததற்கும் அதில் பங்கு உண்டு.

மாணவி: தென்துருவக் கடல் குளிர்ந்தது, நைட்ரேட்டும் தாராளம். அங்கே ஏன் பல இடங்களில் பாசி குறைவு?

பதில்: இரும்பு போதாது. 1999இல் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இரும்புக் கரைசலை ஊற்றிப் பார்த்தார்கள். பெரிய டையட்டங்கள் பெருகின, செயற்கைக்கோள் படத்திலேயே பாசிப்பட்டை தெரிந்தது. நீரின் வெப்பத்தை யாரும் மாற்றவில்லை, கவனியுங்கள்.

நெய்தல்: வெப்பத்தை மட்டும் நம்பி வாழ்வது ஏதாவது உண்டா?

பதில்: டிரைக்கோடெஸ்மியம் என்ற பாசியைச் சொல்லத் தோன்றும். வெப்பக்கடல்வாசி, சுமார் 20 டிகிரிக்கு மேல்தான் நன்றாக வளரும். நீரில் கரைந்த நைட்ரஜன் வாயுவையே உணவாக்கிக்கொள்ளும், நைட்ரேட் கவலை இல்லை. ஆனால் அதற்கும் இரும்பும் பாஸ்பரஸும் வேண்டும்.