ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை நம்பி வளர்ச்சி ஊசி போடலாமா?

கேள்வி: நாங்கள் கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். கணவருக்குக் காசிமேட்டில் மீன் ஏற்றும் வேலை. மகனுக்கு 9 வயது, உயரம் 114 செ.மீ. போன வருடம் பள்ளியில் அளந்தபோது 111. பிரேயர் வரிசையில் எப்போதும் அவன்தான் முதல் ஆள். பக்கத்து கிளினிக்கில் ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வளர்ச்சி ஹார்மோன் சுத்தமாக இல்லை, உடனே ஊசி ஆரம்பிக்க வேண்டும்" என்கிறார்கள். மாமியாரோ, "அவங்க அப்பனும் பத்தாவதுக்கு அப்புறம்தான் வளர்ந்தான், ஊசி போட்டா வேற வியாதி வரும்" என்கிறார். நான் 152 செ.மீ., கணவர் 165. இந்தக் குறைபாடு பெரியவர்களுக்கும் வருமாமே? என் தங்கைக்கு 3 வருடம் முன்பு பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி 4 பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். தாய்ப்பால் சுரக்கவே இல்லை, மாதவிலக்கும் இன்னும் திரும்பவில்லை. எப்போதும் அசதி, குளிர் தாங்க மாட்டேன் என்கிறாள்.

பதில்: சகோதரி, கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருப்பதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மகன் விஷயத்தில் சில வாரம் நிதானமாகப் பார்க்கலாம். தங்கையை இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் மட்டுமல்ல, தைராய்டையும் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியையும் கருப்பையோடு உள்ள சினைப்பைகளையும் வேலை வாங்கும் ஹார்மோன்களும் அங்கிருந்துதான் வருகின்றன. கர்ப்ப காலத்தில் அது பெரிதாகிவிடும். அந்த நேரத்தில் உடம்பிலிருந்து ரத்தம் அதிகமாகப் போனால், அதற்கு ரத்தம் கிடைக்காமல் ஒரு பகுதி செயலிழந்து போகலாம். இதற்கு ஷீஹன் நோய் என்று பெயர். பால் சுரக்காதது, மாதவிலக்கு வராதது, அசதி, குளிர் தாங்காதது எல்லாமே அதன் பக்கம் கைகாட்டுகின்றன. பல பெண்கள் "குழந்தை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வருடக்கணக்கில் இதைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது.

ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு போய், ரத்தம் ஏற்றியதையும் பால் வராததையும் மறக்காமல் சொல்லுங்கள். காலை 8 மணி வாக்கில் எடுக்கும் கார்டிசால் (அட்ரீனலில் சுரக்கும் ஹார்மோன்), அப்புறம் தைராய்டுக்கு டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்ட பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்) மட்டுமல்லாமல் ஃப்ரீ டி4-உம் (தைராய்டே சுரக்கும் ஹார்மோன்) பார்க்க வேண்டும். பிட்யூட்டரியில் கோளாறு இருக்கும்போது டி.எஸ்.எச். நார்மல் போலவே காட்டிவிடும். கார்டிசால் குறைந்திருந்தால் முதலில் அதற்கு மாத்திரை, பிறகுதான் தைராய்டு மாத்திரை. இந்த வரிசை மாறினால் ஆபத்து. வாந்தி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் ஓ.பி.க்குக் காத்திராமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு பெரியவர்களுக்கும் வரும். பிட்யூட்டரியில் கட்டி, அதற்கான அறுவை சிகிச்சை, தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சு, பலமான தலைக்காயம், இந்த ஷீஹன் நோய் ஆகியவை காரணங்கள். பெரியவர்களுக்கு உயரத்தில் ஒன்றும் தெரியாது. தசை குறைந்து வயிற்றில் கொழுப்பு சேரும், எலும்பு பலவீனமாகும், கொலஸ்ட்ரால் ஏறும், ஓயாத சோர்வு இருக்கும். மற்ற ஹார்மோன்களைச் சரி செய்த பிறகுதான் இதற்கு ஊசி தேவையா என்று யோசிப்பார்கள்.

இனி மகன் விஷயம். அந்த ஒரு ரிசல்ட்டை வைத்து ஊசி போடாதீர்கள். வளர்ச்சி ஹார்மோன் குழாய்த் தண்ணீர் போல நாள் முழுக்க வருவதில்லை. விட்டு விட்டு வரும், முக்கியமாக ஆழ்ந்த தூக்கத்தில். பகலில் எடுத்துப் பார்த்தால் நன்றாக வளரும் பிள்ளைக்கும் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டும். அதனால்தான் வெறும் வயிற்றில் ஒரு மருந்து கொடுத்து, ஹார்மோனைத் தூண்டி, அரை மணிக்கு ஒரு தடவை என ரத்தம் எடுப்பார்கள். பொதுவாக வேறு வேறு மருந்துகளோடு இரண்டு தடவை இப்படிப் பார்ப்பது வழக்கம்.

ஆனால் மாமியார் சொல்வது போல சும்மா இருக்கவும் கூடாது. அப்பா தாமதமாக வளர்ந்தவர் என்றால் மகனும் அப்படி இருக்கலாம், அது உண்மையான தகவல்தான், டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் 4 வயதுக்கு மேல் பருவம் வரும் வரை ஒரு பிள்ளை வருடத்துக்கு 5 செ.மீ. அளவுக்காவது வளர வேண்டும். உங்கள் மகன் 3 தான் வளர்ந்திருக்கிறான். பெற்றோர் உயரத்தைக் கூட்டி, ஆண் பிள்ளை என்பதால் 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் 165 வருகிறது. அவன் போகிற வேகம் அந்த உயரத்தை நோக்கிப் போவது போல் தெரியவில்லை.

டாக்டரிடம் போகும் முன் அளவு சரிதானா என்று பாருங்கள். பள்ளியில் ஷூவோடு அளந்திருந்தால் கணக்கே மாறிவிடும். வெறும் காலோடு சுவரில் குதிகால் படும்படி நிறுத்தி, தலைமேல் ஒரு நோட்டைச் சமமாக வைத்துக் கோடு போட்டு, தேதியையும் எழுதுங்கள். எப்போதும் காலையிலேயே அளங்கள், சாயங்காலம் உயரம் சற்றுக் குறையும். பழைய அங்கன்வாடி அட்டை, பள்ளி ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். டாக்டருக்கு லேப் ரிப்போர்ட்டை விட அவை பெரிய உதவி.

அவற்றோடு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர்தான். இடது கை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதை, அதாவது எலும்பு எந்த வயதுப் பிள்ளையின் எலும்பு போல வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ரத்தசோகை, தைராய்டு, சிறுநீரகம், கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் எல்லாம் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதால் அவற்றையும் பார்ப்பார்கள். இவற்றில் ஒன்று காரணமாக இருந்தால் அதைச் சரி செய்தாலே பெரும்பாலும் போதும், வளர்ச்சி ஊசி தேவைப்படாமல் போகலாம். காலையில் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல், அடங்காத தாகம் இருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், மூளையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குறைபாடு உறுதியானால் ஊசியைக் கண்டு பயப்பட வேண்டாம். மாமியாரின் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. அந்தக் காலத்தில் இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து இந்த ஹார்மோனை எடுத்தார்கள், அதன் வழியாகச் சிலருக்குக் கொடிய மூளை நோய் பரவியது. 1985-க்குப் பிறகு வந்தது ஆய்வகத்தில் தயாராவது, அதில் அந்த ஆபத்து இல்லை. தினமும் இரவில் தோலுக்கடியில் போடும் சின்ன ஊசி அது. முதல் வருடத்தில் 8, 10 செ.மீ. கூட வளர்வதைப் பார்க்கலாம். எலும்பின் நுனிகள் மூடிக்கொண்ட பிறகு போட்டு உயரம் கூடாது, அதனால்தான் காலம் கடத்த வேண்டாம் என்கிறேன். மருந்தின் விலை அதிகம், வருடக்கணக்கில் போட வேண்டும். அரசு வழியில் கிடைக்குமா, காப்பீட்டில் வருமா என்று ஆரம்பிக்கும் முன்பே மருத்துவமனையில் கேட்டுவிடுங்கள், நடுவில் நின்றால் முழுப் பலன் கிடைக்காது. மருந்தை 2 முதல் 8 டிகிரியில், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். கரண்ட் போனால் மீன் வைப்பது போல ஐஸுக்குள் புதைத்துவிட வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். உறைந்த மருந்து வீண்தான்.