அந்த வீட்டில் அப்படி ஒரு சுவர் இல்லை

கேள்வி: இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முதலையோடும் பாம்போடும் கட்டிப்புரண்டு, கடைசியில் கடலில் உயிரை விட்டவர் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிப் பிரபலம் ஸ்டீவ் இர்வின். அவரைப் போய் ‘நல்ல குடும்பஸ்தர்’ என்று எழுதியிருந்தீர்களே! வீட்டை நினைக்கிறவன் இப்படியா உயிரைப் பணயம் வைப்பான்?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: அவர் எப்படி இறந்தார் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். 2006 செப்டம்பர் 4. ஆஸ்திரேலியாவில் போர்ட் டக்ளஸுக்கு அருகே, பேட் ரீஃப் என்ற பவளத்திட்டு. ஆபத்தான கடல் உயிர்களைப் பற்றிய ஆவணப்படத்துக்காகப் போயிருந்தார்கள். வானிலை கெட்டு வேலை நின்றுவிட்டது. சும்மா உட்கார்ந்திருக்காமல், மகள் பிண்டியின் தொலைக்காட்சித் தொடருக்காவது நாலு காட்சி எடுக்கலாமே என்று தண்ணீரில் இறங்கினார். மார்பளவு ஆழம்தான். பெரிய திருக்கை ஒன்றைப் பின்தொடர்ந்து நீந்தினார். அது வாலை வீசியது. முள் நெஞ்சில் பாய்ந்தது. அவருக்கு வயது 44. திருக்கை குத்தி ஆள் சாவது மிக மிக அபூர்வம். வாழ்நாளெல்லாம் முதலை பிடித்தவர், எட்டு வயது மகளின் தொடருக்குப் படம் எடுக்கப்போன இடத்தில் இறந்தார். இவர் வீட்டை நினைக்கவில்லை என்று நீங்கள் சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

வீடு ஒரு பக்கம், சாகசம் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டீர்கள். இர்வின் வீட்டில் அப்படி ஒரு சுவரே இருந்ததில்லை. அப்பா பாப் பிளம்பர், அம்மா லின் நர்ஸ். ஊர்வன மேல் இருந்த பிரியத்தால் 1970இல் குயின்ஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்து, பீர்வா என்ற ஊரில் ஒரு சிறு பூங்கா தொடங்கினார்கள். ஸ்டீவின் ஆறாவது பிறந்தநாளுக்கு வந்த பரிசு ஒரு மலைப்பாம்பு. ஒன்பது வயதில், அப்பா கூடவே நிற்க, முதல் முதலையைப் பிடித்தார். தச்சர் வீட்டுப் பிள்ளை உளி எடுத்தால் அதைச் சாகசம் என்போமா?

முதலை மேல் பாய்வதை வெறும் வித்தையாகப் பார்க்கிறீர்கள். ஆள் நடமாட்டம் உள்ள ஆற்றில் முதலை தங்கிவிட்டால் யாராவது அதைச் சுட்டுவிடுவார்கள். அதற்கு முன் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும். முதலைக்கு வாயை மூடும் தசையில்தான் அத்தனை பலமும். திறக்கும் தசை நோஞ்சான். கயிற்றால் வாயைக் கட்டி, கண்ணைத் துணியால் மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கட்டி முடிக்கும்வரை அசையாமல் அமுக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். அதற்குத்தான் அந்தப் பாய்ச்சல்.

1992இல் டெரியைக் கல்யாணம் செய்துகொண்டு, தேனிலவுக்குப் பதிலாக அவரையும் கூட்டிக்கொண்டு முதலை பிடிக்கப் போனார். அங்கே எடுத்த படம்தான் அவர்களுடைய ‘தி குரோக்கடைல் ஹன்டர்’ தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதி. மகளுக்குத் தன் செல்ல முதலையின் பெயரையும் நாயின் பெயரையும் சேர்த்து ‘பிண்டி சூ’ என்று பெயர் வைத்தார். 2000இல் அம்மா சாலை விபத்தில் இறந்தபின், அவர் நினைவாக ஒரு வனவிலங்கு மருத்துவமனை கட்ட நினைத்தார். அவகாடோ பழம் கட்டும் பழைய கொட்டகை ஒன்று 2004இல் அந்த மருத்துவமனையாயிற்று.

ஒரு விஷயத்தில் நான் உங்கள் கட்சி. 2004 ஜனவரியில், பிறந்து ஒரு மாதமே ஆன மகன் ராபர்ட்டை ஒரு கையில் அணைத்தபடி, மறு கையால் மர்ரே என்ற 3.8 மீட்டர் முதலைக்குக் கோழி ஊட்டினார். குழந்தைக்கு ஆபத்தே இல்லை என்று அவர் சாதித்தார். எனக்கு அது ஏற்பில்லை. அவர் கை பழகிய கைதான். ஆனால் ஈரத் தரையில் கால் வழுக்காது என்று யார் உத்தரவாதம் தர முடியும்? அது தப்பு. அந்த ஒரு தப்பை வைத்து மொத்த மனிதரையும் எடைபோடுவதைத்தான் மறுக்கிறேன்.

அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்த அரசாங்கம் முன்வந்தபோது பாப் வேண்டாம் என்றுவிட்டார். மகன் தன்னைச் சாதாரண மனிதனாகத்தான் நினைத்தான் என்றார். செப்டம்பர் 20 அன்று, அவர்களுடைய பூங்காவின் அரங்கிலேயே சுமார் 5,000 பேர் கூடினார்கள். பிண்டி தாளைப் பார்த்து, குரல் உடையாமல், அப்பாவைப் பற்றிப் படித்தாள்.

2019இல் ராபர்ட் இரண்டு படங்களைச் சேர்த்து வெளியிட்டார். ஒன்றில் அப்பா முதலைக்கு இரை கொடுக்கிறார். மற்றதில், அதே இடத்தில் அதே மர்ரேவுக்கு, பதினைந்து வயது மகன் இரை கொடுக்கிறார்.