பாடம் எடுக்க மட்டும் வேதம் வாசிக்கும் மகளை பி.டி. படிக்க அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் பி.எஸ்ஸி. முடித்துவிட்டாள். பிளஸ் டூ படித்த காலத்திலிருந்தே எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியை. இப்போது இறையியல் கல்லூரியில் பி.டி. (இறையியல் பட்டப்படிப்பு) சேர்ந்து ஆயராக (சபைப் போதகராக) வேண்டும் என்கிறாள். எங்களுக்கு மறுப்பு இல்லை, ஒன்றுதான் உறுத்துகிறது. சனிக்கிழமை ராத்திரி பாடம் தயாரிக்க மட்டும்தான் வேதாகமத்தைத் திறக்கிறாள். அதில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டிருக்கும் இடமெல்லாம் அவள் பாடம் எடுத்த பகுதிகள். இவளை ஊழியத்துக்கு அனுப்புவது சரியா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இறையியல் படிப்பு பற்றி என்னிடம் கேட்கும் பெற்றோர் பெரும்பாலும் கட்டணம், ஹாஸ்டல், படித்து முடித்ததும் பேராயம் (சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலம்) வேலை தருமா என்றுதான் கேட்பார்கள். நீங்கள் கேட்டிருப்பது அவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. அனுப்பலாம். ஆனால் இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு அனுப்புங்கள். இந்த ஒரு வருடம் ஏதாவது வேலையில் இருக்கட்டும்.

உங்கள் மகளிடம் பக்தி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கற்றுக்கொடுக்கிற எல்லோருக்கும் வருகிற சோதனை இது. சமைக்கும்போது ருசி பார்த்தே பசி அடங்கி, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிடுகிற அம்மாக்களை நமக்குத் தெரியும் அல்லவா, அதே கதைதான். ஒரு வேதபகுதியைப் பார்த்ததும் 'இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லலாம், மனப்பாட வசனம் எது, சார்ட்டில் என்ன படம் வரையலாம்' என்று ஓடுகிற மனது, 'இது எனக்கு என்ன சொல்கிறது' என்ற இடத்துக்கு வருவதே இல்லை.

கத்தோலிக்க மிஷனரி பிரான்சிஸ் சவேரியார் 1542 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து, இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. முத்துக்குளித்துறை ஊர்களுக்குப் போனால் சிறுபிள்ளைகள் தன்னைச் சூழ்ந்துகொள்கிறார்கள், ஏதாவது ஒரு ஜெபத்தைச் சொல்லித்தரும்வரை குருக்கள் தினமும் சொல்லியாக வேண்டிய கட்டளை ஜெபத்தைச் சொல்லவோ சாப்பிடவோ தூங்கவோ விடுவதில்லை என்று அதில் எழுதுகிறார். அவர் அதைச் சந்தோஷமாகத்தான் எழுதினார். ஆனாலும் எது எதை நெருக்குகிறது என்று பாருங்கள். ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிற வேலைதான் ஜெபிக்கிற நேரத்தைக் கேட்கிறது. மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தும் எந்த ஆசிரியையைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

கல்லூரிக்குப் போனால் இது தானாகச் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம், கூடத்தான் செய்யும். இறையியல் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்கும் செராம்பூர் செனட்டின் கீழ் பி.டி. படிப்பு பொதுவாகப் பட்டதாரிகளுக்கு நான்கு வருடம். கிரேக்கம் அல்லது எபிரெயம், பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, சபை வரலாறு, மற்ற சமயங்கள் என்று பாடங்கள் போகும். வார இறுதியில் சபைகளுக்குக் களப்பணிக்குப் போக வேண்டும். சிற்றாலயத்தில் ஆராதனை நடத்த முறைவைத்து அழைப்பார்கள். இதுவரை வகுப்புக்காக வாசித்தவள் இனி மதிப்பெண்ணுக்காகவும் வாசிப்பாள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஐந்தாகமம் (வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்கள்) முழுவதையும் மோசேதான் எழுதினாரா என்பது போன்ற கேள்விகள் ஆரம்பத்திலேயே வகுப்புக்கு வரும். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து அவள் அதைப் பேசினால், விசுவாசம் போய்விட்டது என்று பதறாதீர்கள். அந்தக் கேள்விகளைத் தாங்க, தேர்வுக்கும் பிரசங்கத்துக்கும் சம்பந்தமில்லாமல் ஆண்டவரோடு பேசிப் பழகிய பழக்கம் வேண்டும். அதை விடுதிக்குப் போனபிறகு ஆரம்பிப்பது கஷ்டம். அதனால்தான் ஒரு வருடம் கேட்கிறேன்.

அந்த வருடத்தில் முதலில், அவள் யாருக்கும் சொல்லப்போகாத ஒரு புத்தகத்தை வேதாகமத்தில் தேர்ந்தெடுக்கட்டும். ஞாயிறு பள்ளிப் பாடத்தில் அதிகம் வராத எரேமியா நல்ல தேர்வு. காலையில் ஒரு அதிகாரம், முடியாவிட்டால் பாதி. பேனா வேண்டாம், குறிப்பு வேண்டாம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வசனம் போடவும் வேண்டாம். ஸ்டேட்டஸ் போடுவதும் ஒருவகையில் பாடம் எடுப்பதுதான். ஆரம்பத்தில் ஒன்றுமே ஏறாதது போல இருக்கும். இருக்கட்டும், விடாமல் வாசிக்கட்டும்.

அப்புறம், உங்கள் சபையில் ஆராதனை நேரத்திலேயே ஞாயிறு பள்ளி நடக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. பல சபைகளில் அப்படித்தான். அப்படியானால் வருடக்கணக்காக அவள் ஒரு பிரசங்கத்தை முழுதாகக் கேட்டிருக்க மாட்டாள், அவசரமாக ஓடிவந்து திருவிருந்து வாங்கியிருப்பாள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது வகுப்பை வேறொருவரிடம் விட்டுவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்காரட்டும். ஆள் இல்லை என்று கண்காணிப்பாளர் சொல்வார். நீங்களே அந்த ஒரு ஞாயிறு வகுப்பை எடுக்க முன்வந்தால்கூட நல்லதுதான்.

மனம்விட்டுப் பேச ஒருவர் வேண்டும். இதில் பலரும் சேகர ஆயரிடம் அனுப்புவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேராயத்துக்குச் சிபாரிசுக் கடிதம் தரவேண்டியவரிடம் போய், 'ஐயா, ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வறட்சியாக இருக்கிறது' என்று எந்தப் பிள்ளை சொல்லும்? சிபாரிசிலோ மதிப்பெண்ணிலோ கை இல்லாத, வயதில் மூத்த ஒரு விசுவாசி போதும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஜெபக்குழு அக்கா ஒருவர். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் போய்ப் பேசிவிட்டு வரட்டும்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, உபதேசத்தைக்குறித்து எச்சரிக்கையாயிரு என்பதற்கு முன்பே 'உன்னைக்குறித்து' என்கிறார் (1 தீமோ. 4:16). இதை அவளுக்கு நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம். அவளே இதைப் பாடமாக எடுத்திருப்பாள்! 'இன்றைக்கு வேதம் வாசித்தாயா' என்று தினம் கேட்கவும் வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. ராத்திரி குடும்ப ஜெபத்தை உங்கள் வீட்டில் யார் நடத்துகிறார்கள்? மகள்தான் என்றால் இன்றிலிருந்து நீங்களோ அவள் அப்பாவோ நடத்துங்கள். வீட்டிலாவது அவள் கேட்கிறவளாக இருக்கட்டும்.

வேலை விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பி.டி. முடித்தால் சபை ஊழியம், மருத்துவமனை ஊழியம், மேற்கொண்டு எம்.டிஎச். (இறையியல் முதுநிலைப் பட்டம்) படித்து இறையியல் கல்லூரியில் கற்பிப்பது என்று வழிகள் உண்டு. குருப்பட்டம் (ஆயராக அபிஷேகம் செய்வது) பேராயத்தின் முடிவு, படிப்பு மட்டும் அதைத் தந்துவிடாது. பி.எஸ்ஸி. கையில் இருப்பது நல்லது. பெண்பிள்ளை ஆயராவதா என்று உறவில் யாராவது இழுத்தால், தென்னிந்தியத் திருச்சபையில் 2013-லேயே புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயரானதைச் சொல்லுங்கள்.

சேருவதற்கு முன் மகளோடு கல்லூரிக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். மதுரை அரசரடி என்றாலும் சென்னை குருகுல் என்றாலும் பெங்களூரு என்றாலும், அலுவலகத்தோடு நின்றுவிடாமல் இறுதியாண்டு மாணவிகள் இரண்டு பேரிடம் பேசுங்கள். மாணவர்களின் ஜெப வாழ்க்கையை விசாரிக்க ஆசிரியர்களில் யாராவது இருக்கிறார்களா, மனம் சோர்ந்தால் யாரிடம் போவீர்கள், தனியாக உட்கார விடுதியில் நேரமும் இடமும் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அவர்கள் தயங்காமல் ஒரு ஆளின் பெயரைச் சொன்னால், விண்ணப்பப் படிவத்தை அன்றைக்கே வாங்கிவிட்டு வரலாம்.