ஆதித் திருச்சபையில் ஓர் ஊருக்கு ஒரு பிஷப் என்ற முறை தொடக்கத்திலிருந்தே இருந்ததா?

இல்லை. ஆனால் பிஷப் என்பதே வேதத்தில் கிடையாது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அதுவும் தப்பு. இப்படி ஒரு கேள்வி சும்மா வராது. வீட்டிலோ சபையிலோ இதை வைத்து ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும். எனக்கு நடந்தது.

ஆறு வருஷத்துக்கு முன் எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் கீழ் வரும் சபைகள்) வாலிபர் வேதபாட வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரம். 17ஆம் வசனத்தில் பவுல் மிலேத்துவிலிருந்து ஆள் அனுப்பி எபேசு சபையின் மூப்பர்களை வரவழைக்கிறார். 28ஆம் வசனத்தில் அதே ஆட்களைப் பார்த்து, பரிசுத்த ஆவி உங்களைக் கண்காணிகளாக வைத்தார் என்கிறார். கிரேக்கத்தில் மூப்பர் ‘பிரஸ்பிட்டரோஸ்’, கண்காணி ‘எபிஸ்கோப்போஸ்’. பிஷப் என்ற சொல் வந்தது இந்த இரண்டாவதிலிருந்துதான். ஒரு பெண் கை தூக்கி, “அப்போ எபேசுல எத்தனை பிஷப் டீச்சர்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. பிலிப்பியர் 1:1ஐத் திறக்கச் சொன்னேன். அங்கேயும் ‘கண்காணிகளுக்கும், உதவிக்காரருக்கும்’ என்று பன்மையில்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் கமிட்டியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். பேராயருக்கு, அதாவது எங்கள் பிஷப்புக்கு, எதிராகப் பிள்ளைகளைத் தூண்டுகிறேன் என்று புகார். வகுப்பு நின்றது. அதே மாதம், பிஷப் இல்லாத தனிச்சபைக்குப் போகும் என் அத்தான் வீட்டுக்கு வந்து, “பாத்தியா, நீயே ஒத்துக்கிட்ட, பிஷப்பெல்லாம் மனுஷன் உண்டாக்கினது” என்றார். இரண்டு பக்கமும் நான் சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் வலிக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். முதலில் பல ஊர்களில் மூப்பர் குழு இருந்தது. சுமார் கி.பி. 96இல் ரோமாபுரி சபை கொரிந்து சபைக்கு ஒரு கடிதம் எழுதியது. கிளெமெந்து எழுதியதாகச் சொல்வார்கள். அங்கே மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்பதுதான் பிரச்சினை. அவ்வளவு நீளக் கடிதத்தில் கொரிந்துவின் பிஷப் என்று தனி ஒருவரைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்புறம் சுமார் 110இல் அந்தியோகியாவின் பிஷப் இக்னேஷியஸ், கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படும் வழியில் ஏழு கடிதங்கள் எழுதுகிறார். ஒரு பிஷப், அவரோடு மூப்பர்கள், உதவிக்காரர்கள் என்ற மூன்று நிலைகள் அவற்றில் தெளிவாக இருக்கின்றன. சிமிர்னாவில் பாலிகார்ப் ஏற்கெனவே பிஷப். ஆனால் அதே இக்னேஷியஸ் ரோமருக்கு எழுதும்போது அவர்களுடைய பிஷப்பைக் குறிப்பிடவே இல்லை. ஆக, ஊருக்கு ஊர் வேகம் வேறு. பொதுப்பணத்துக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது, வெளியூர்ச் சபைகளுக்குக் கடிதம் எழுத ஒருவர் வேண்டியிருந்தது, உபதேசத்தில் குழப்பம் வந்தால் யார் பக்கம் நிற்பது என்று தெரிய வேண்டியிருந்தது. இரண்டாம் நூற்றாண்டின் முடிவுக்குள் ஒற்றைப் பிஷப் முறை பரவலாக வேரூன்றிவிட்டது.

251இல் ரோமாபுரி பிஷப் கொர்னேலியு தன் சபையைக் கணக்குச் சொல்கிறார்: 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர்கள், சபை பராமரித்த விதவைகளும் ஏழைகளும் 1500க்கு மேல். பிஷப்பின் வேலை என்னவென்று எனக்குப் புரியவைத்தது அந்தக் கடைசி எண்தான். அதே காலத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரப் பிஷப் சிப்பிரியான் தன் மூப்பர்களுக்கு எழுதும்போது, உங்கள் ஆலோசனையும் மக்களின் சம்மதமும் இல்லாமல் என் இஷ்டத்துக்கு எதுவும் செய்வதில்லை என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்தேன் என்கிறார். 325இல் பிஷப்புகள் கூடிய நிசேயா சங்கம், ஒரு பிஷப்பை ஏற்படுத்த மாகாணத்துப் பிஷப்புகள் எல்லாரும் கூட வேண்டும், முடியாவிட்டால் மூன்று பேராவது வேண்டும் என்று விதித்தது. பிஷப் ஊர் விட்டு ஊர் மாறக்கூடாது என்றும் விதித்தது.

நான் முறையாகக் கிரேக்கம் படித்தவள் இல்லை, பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள். இதைப் படித்துவிட்டு நான் பேராயர் முறைக்கு எதிரி என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். எனக்குத் திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினராக்கும் சடங்கு) கொடுத்தவர் ஒரு பேராயர்தான். அந்த நாளை நான் மறக்கவில்லை.

என் ஆச்சி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஆலயத்தில் ‘கண்காணியானவன் குற்றஞ்சாட்டப்படாதவனும்’ என்று வாசித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தோட்டத்துக் கங்காணி அவர் கூலியில் பிடித்த காசு கடைசிவரை நினைவிருந்தது. வேதத்தில் சொல்லும் கண்காணி மந்தையைப் பார்த்துக்கொள்ள வைக்கப்பட்டவர் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க அப்பா வெகுகாலம் பாடுபட்டார்.

அப்பா முப்பது வருஷம் உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் பெறாத சபை ஊழியராக, இருந்தவர். அவர் போன பிறகு இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்களை ஆலய நூலகத்துக்குக் கொடுத்தோம். உங்கள் கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹாலைப் புதுப்பித்தபோது எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரருக்குக் கிலோக் கணக்கில் போட்டுவிட்டார்கள். அதில் அப்பாவின் வேதாகமமும் போய்விட்டது. தீத்து 1:5இல் மூப்பர் என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலில் கோடு போட்டு, பக்கத்தில் ‘7ஐப் பார்’ என்று எழுதியிருப்பார். ஏழாம் வசனத்தில் கண்காணி என்று இருக்கும். இதையெல்லாம் நான் தேட ஆரம்பித்தது அந்தக் கோட்டிலிருந்துதான்.